வெள்ளவத்தைச் சொந்தங்கள் குழு: மேற்கு வேர்ஜினியா யாருடையது?

அபிராமி, மாலை 6:42
பெரியப்பா, வெள்ளிக்கிழமை வகுப்பில் மேற்கு வேர்ஜினியா பற்றிப் பேசுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் 1861 ஏப்ரலில் வேர்ஜினியா அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகித் தென் மாநிலங்களோடு சேர்ந்தது. மலைப்பக்கத்து மக்களோ வேர்ஜினியாவை விட்டு விலகினார்கள். அக்டோபர் வாக்கெடுப்பில் புதிய மாநிலத்துக்கு ஆதரவு 18,408, எதிர்ப்பு 781. மக்களே கேட்டுப் பெற்ற மாநிலம் என்று தொடங்கப் போகிறேன்.

பெரியப்பா, 6:55
மகள், அந்த 781ஐ என்னால் நம்ப முடியவில்லை. வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பாலோர் அன்று வரவே இல்லை. வேர்ஜினியாவில் அக்காலத்தில் இரகசிய வாக்கு கிடையாது. அதிகாரிகளுக்கு முன்னால் நின்று உரத்த குரலில் சொல்ல வேண்டும். ஒன்றியப் படை நிற்கும் ஊரில், மகனைத் தென்படைக்கு அனுப்பியவன் வந்து "எதிர்ப்பு" என்று கத்துவானா?

இன்னொன்று. ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு. வேர்ஜினியாவின் தலைநகர் ரிச்மண்டில் இருந்த சட்டமன்றம் ஒருநாளும் சம்மதிக்காது. வீலிங் நகரில் ஒன்றிய ஆதரவாளர்கள் கூடி, நாங்களே உண்மையான வேர்ஜினியா என்று ஓர் அரசை அமைத்தார்கள். பியர்பாண்ட் ஆளுநரானார். 1862 மே மாதத்தில் அந்த அரசே சம்மதம் கொடுத்தது. பிரிகிறவர்களே பிரிவுக்கு ஒப்பம் வைத்தார்கள். ஜனாதிபதி லிங்கன் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது அவரது அமைச்சரவை 3க்கு 3 என்று பிளந்தது.

அபிராமி, 7:03
ஆனால் அந்த மக்களின் மனக்குறை பொய்யில்லையே, பெரியப்பா. 1851 அரசமைப்பின்படி 12 வயதுக்குட்பட்ட அடிமைகளுக்கு வரியே இல்லை. மற்றவர்களுக்கும் தலைக்கு 300 டொலருக்கு மேல் மதிப்பிடக் கூடாது. மலைநாட்டு உழவனின் மாட்டுக்கும் நிலத்துக்கும் முழு மதிப்பில் வரி.

பெரியப்பா, 7:10
அது உண்மை, அழுத்திச் சொல். ஆனால் அடிமைமுறையோடுதான் அந்த மாநிலமும் பிறந்தது. 1863 ஜூலை 4க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு விடுதலை, வளர்ந்தவருக்கு இல்லை. 1865 பெப்ரவரியில்தான் முற்றாக ஒழித்தார்கள். அந்த வாக்கெடுப்பில் அடிமைகளுக்குக் குரலே இல்லை.

சாந்தி மாமி, 7:18
இதைப் படிக்கப் படிக்க எனக்கு மூதூர் நினைவு வருகிறது. 1988இல் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைத்தபோது கிழக்கில் வாக்கெடுப்பு வைப்போம் என்றார்கள். ஆண்டுதோறும் தள்ளிப்போட்டார்கள். 2006இல் இணைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் அம்மாவிடம் இணைக்கும்போதும் கேட்கவில்லை, பிரிக்கும்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வந்திருக்கும்.

சிவா அண்ணா, 7:24
அங்கேயும் அப்படித்தான், மாமி. தென்படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் அந்த மலைப்பக்கத்தில்தான் பிறந்தார். தாய் தகப்பன் இல்லாமல் அவரும் தங்கை லாராவும் உறவினர் கைகளில் வளர்ந்தார்கள். போர் வந்ததும் இருவருக்கும் கடிதப் போக்குவரத்தே நின்றுபோனது. பெவர்லி என்ற ஊரில் லாரா, காயம்பட்ட ஒன்றியப் படைவீரர்களைப் பராமரித்தார். அண்ணன் 1863 மே 10இல் இறந்தார். ஜூன் 20இல் மாநிலம் பிறந்தது.

சாந்தி மாமி, 7:27
ஐயோ. அந்த லாராவைப் பற்றி வகுப்பில் கட்டாயம் சொல், அபிராமி.

அபிராமி, 7:31
சொல்கிறேன், மாமி. வாயால் வாக்களித்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிக் கணக்கை விடமாட்டேன், பெரியப்பா.

பெரியப்பா, 7:36
விடவே விடாதே. பெர்க்லி, ஜெபர்சன் என்ற இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துக்கொள். ரயில் பாதை அந்த வழியாகப் போனதால் புதிய மாநிலம் அவற்றைக் கேட்டது. போர் முடிந்ததும் வேர்ஜினியா தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்று வழக்காடியது. 1871இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வேர்ஜினியாவுக்கே கொடுத்தது. அந்தத் தீர்ப்பை எடுத்து வாசி. வாக்கெடுப்பு முறையாக நடந்ததா என்று நீதிபதிகள் எவ்வளவு தூரம் தோண்டினார்கள் என்பதைப் பார்த்து, நாளைக்கு எனக்கு எழுது.