ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்: கொலையாளிகளைத் தப்பவிட்டது புவாரோவா, பூக்கா? (முடிவு தெரியாதவர்கள் உள்ளே வர வேண்டாம்)

ரயிலடி:
"பன்னிரண்டு கொலைகாரர்களைத் தப்பவிட்ட புவாரோ துப்பறிவாளரே அல்ல, சட்டத்தைக் கையில் எடுத்தவர்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல் தாங்கவில்லை. அகதா கிறிஸ்டியின் இந்த நாவலில் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். புவாரோ இரண்டு விளக்கங்களை வைக்கிறார். ஒன்று, ரயில் ஊழியர் சீருடையில் வெளியாள் ஒருவன் ஏறி, ராட்செட் என்ற பயணியைக் குத்திக் கொன்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான் என்பது. மற்றது, அந்தப் பெட்டியில் இருந்தவர்களே சேர்ந்து செய்த கொலை என்பது. பிறகு உடனிருக்கும் நண்பர் பூக்கிடம் திரும்பி, நீங்கள் ரயில் கம்பெனியின் இயக்குநர், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். முதல் விளக்கம்தான் சரி, யூகோஸ்லாவிய போலீஸிடம் அதையே கொடுக்கலாம் என்று சொல்பவர் பூக். புவாரோ வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறார், அவ்வளவுதான். விட்டது பூக்.

கருப்பு மை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். வெளியாள் கதையில் ஓட்டை இருக்கிறது என்று, பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் கான்ஸ்டன்டைன் மறுக்கும்போது புவாரோ என்ன சொல்கிறார்? அதை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள், பிறகு நீங்களே ஒத்துக்கொள்ளலாம் என்கிறார். அதுவும் இரண்டாவது விளக்கத்தைச் சொல்வதற்கு முன்பே! பதிலை அவர் தயாராக வைத்திருந்தார். பூக் வாயைத் திறந்தார், அவ்வளவே.

ரயிலடி:
பதிலைத் தயாராக வைப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. பூக் "இல்லை, இரண்டாவதுதான் உண்மை" என்று சொல்லியிருந்தால் புவாரோ தடுத்திருப்பாரா? அப்படி ஒரு வரி நாவலில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். விட்டது பூக்.

நடுநிசி வாசகி:
இருவரும் 2010-இல் டேவிட் சுஷே புவாரோவாக நடித்ததைப் பார்க்கவில்லையா? அந்தத் தீர்மானம் புவாரோவை எப்படி வதைக்கிறது என்று அதில் தெளிவாகவே தெரியும். கையில் ஜெபமாலையோடு பனியில் நடந்து போவார். முடிவு அவருடையது இல்லையென்றால் ஏன் அந்த வேதனை?

ரயிலடி:
நான் நாவலைப் பற்றிப் பேசுகிறேன். நடிகரின் கண்ணீர் நாவலில் இல்லை. 2017 படத்தில் புவாரோ துப்பாக்கியை மேசையில் வைத்து "என்னைச் சுடுங்கள்" என்கிறார், அதையும் சாட்சியாகக் கொண்டுவருவீர்களா? 1974 படத்தில் பூக்கின் பெயரைப் பியாங்கி என்று மாற்றினார்கள். அதிலும் முதல் விளக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

நடுநிசி வாசகி:
படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே படத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். நல்ல நியாயம்.

பனிமேடு:
இது உண்மையில் நடந்த கதை. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றவன் பணத்தால் தப்பினான், அந்தக் கோபத்தில்தான் கிறிஸ்டி எழுதினார். அப்புறம் புவாரோ விடாமல் என்ன செய்வார்?

கருப்பு மை:
தப்பு. குழந்தை கடத்தப்பட்டது 1932 மார்ச்சில். நாவல் 1934 ஜனவரியில் வந்துவிட்டது. அந்தக் கடத்தல் வழக்கில் ஹாப்ட்மன் கைதானது அந்த ஆண்டு செப்டம்பரில், மரண தண்டனை நிறைவேறியது 1936-இல். எழுதும்போது குற்றவாளி யாரென்றே உலகத்துக்குத் தெரியாது. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற குழந்தையைக் கடத்திக் கொன்றுவிட்டு, பணத்தாலும் ஆள்பலத்தாலும் விடுதலையாகி, ராட்செட் என்ற பெயரில் திரியும் கஸெட்டி கிறிஸ்டியின் கற்பனை.

பனிமேடு:
பணிப்பெண் தற்கொலை? அதுவும் கற்பனையா? லிண்ட்பெர்க்கின் மாமியார் வீட்டுப் பணிப்பெண் வயலட் ஷார்ப் 1932-இல் போலீஸ் விசாரணைக்குப் பயந்து விஷம் குடித்தார். நாவலில் டெய்சி வீட்டுப் பணிப்பெண் சூசன் ஜன்னலிலிருந்து குதிக்கிறாள், அவளுடைய அப்பாதான் ரயில் பெட்டியின் நடத்துனர் பியர் மிஷெல். தேதியைச் சொல்லி மடக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கருப்பு மை:
அதை யார் மறுத்தது? நீங்கள் சொன்னது வேறு.

ரயிலடி:
லிண்ட்பெர்க்கை விடுங்கள். பூக்குக்கு என்ன லாபம் என்று யோசித்தீர்களா? போலீஸ் வருவதற்குள் விஷயத்தை முடிக்க வேண்டும் என்று புவாரோவைக் கெஞ்சி விசாரணையில் இறக்கியவரே அவர்தான். கம்பெனியின் மானம் அவருக்குப் பெரிது. டாக்டர்கூட தன் மருத்துவக் கருத்தில் ஒன்றிரண்டு விபரீத யூகங்கள் கலந்துவிட்டன என்று பின்வாங்குகிறார். பொய் சொல்லத் துணிந்தவர்கள் அந்த இருவர். விட்டது பூக்.

கருப்பு மை:
அப்படியானால் புவாரோவின் வெறுப்பை எங்கே வைப்பீர்கள்? உயிருக்கு ஆபத்து, காப்பாற்றுங்கள் என்று ராட்செட் இருபதாயிரம் டாலர் தருவதாகச் சொன்னபோது, உங்கள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று மறுத்தவர் அவர். ஆரம்பத்திலேயே மனத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ரயிலடி:
முகம் பிடிக்காததால் வேலையை மறுப்பது குற்றமா? ராட்செட்தான் கஸெட்டி என்பது அப்போது புவாரோவுக்குத் தெரியவே தெரியாது. எரிந்த காகிதத்தில் டெய்சி ஆம்ஸ்ட்ராங் பெயர் கிடைத்தது கொலைக்குப் பிறகு.

நடுநிசி வாசகி:
சரி, பன்னிரண்டு பேர் என்று தலைப்பிலிருந்து எல்லோரும் சொல்கிறீர்கள். நடத்துனரையும் சேர்த்தால் பதின்மூன்று பேர் வரவில்லையா?

ரயிலடி:
தலைப்பில் பன்னிரண்டு இல்லை. பயணிகளில் கௌண்டஸ் ஆந்த்ரேனி கத்தியைத் தொடவில்லை, அவர் இடத்தில் கணவர். ஆக, பன்னிரண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி முறையை இன்னொரு பயணி கர்னல் ஆர்பத்நாட் புகழும் இடத்தை மறுபடியும் படியுங்கள்.

நடுநிசி வாசகி:
திட்டம் தெரிந்தும் வாய் மூடியிருந்தவள் குற்றவாளி இல்லையா? உங்கள் கணக்கில் பெண்களுக்கு எப்போதும் இடமில்லை, போன மாதமும் இதையே செய்தீர்கள்.

ரயிலடி:
அந்தப் பன்னிரண்டில் இருக்கும் ஹப்பார்ட் அம்மாளும் இளவரசியும் பெண்கள் இல்லையா? பழியை எல்லாம் நான் ஒருத்தியே ஏற்றுக்கொள்கிறேன் என்று ஹப்பார்ட் அம்மாள் சொல்லும் இடத்தை நான்தான் இங்கே முதலில் பாராட்டி எழுதினேன். போன மாதத்தை இழுக்காதீர்கள்.

பனிமேடு:
புவாரோ சட்டத்தைக் கையில் எடுப்பாரா மாட்டாரா என்பதற்கு கிறிஸ்டியின் "கர்ட்டன்" நாவல் போதாதா? அதில் அவரே ஒருவனைச் சுட்டுக் கொல்கிறார்.

நடுநிசி வாசகி:
ஐயோ, அதை நான் இன்னும் படிக்கவில்லை! தலைப்பில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் முடிவு என்றுதானே போட்டிருக்கிறது?

பனிமேடு:
1975-இல் வந்த நாவல். இன்னும் எத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது?

கருப்பு மை:
பனிமேடு முதன்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னார். நண்பர் ரயிலடி, இதற்குப் பதில்?

ரயிலடி:
அது பல வருடம் கழித்து, நோயில் விழுந்த கிழவர் செய்தது. அதை வைத்து 1934-இன் புவாரோவைத் தீர்மானிக்க முடியாது. கிறிஸ்டியின் ஆக்ராய்டு நாவல் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் கேள்வியை மாற்றினீர்கள், கிறிஸ்டி ஏமாற்றினாரா என்று கேட்டால் அதில் கதை சொல்லும் ஷெப்பர்டின் அக்காவைப் பற்றிப் பேசினீர்கள்.

கருப்பு மை:
ஆக்ராய்டில் தோற்றது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் ஒரே வரியை நாற்பது தடவை எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைத்தீர்கள்.

ரயிலடி:
அங்கே நீங்கள் பதில் சொல்லாமல் ஓடிய கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இங்கேயும் அதே கதைதான். பூக் மறுத்திருந்தால் புவாரோ என்ன செய்திருப்பார்? பக்க எண்ணோடு சொல்லுங்கள்.

கருப்பு மை:
முதலில் டாக்டரிடம் புவாரோ சொன்ன வரிக்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு முறை கேட்டுவிட்டேன்.