புதுப்பிப்பு: சித்தப்பாவின் காசநோய், தனித் தட்டு விவகாரம்

நுரையீரல் காசநோய் வந்த சித்தப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, தட்டு டம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரம் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மாத்திரை இன்னும் நான்கு மாதம் உண்டு, நடுவில் நிறுத்தக்கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமானதைப் பார்த்து ஒருநாள் மிரண்டுபோனார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையால்தானாம்.

தட்டு விஷயம்: நோய் காற்றில்தான் பரவும், பாத்திரத்தால் இல்லை. சித்தி இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை.

வீட்டில் வைப்பது பற்றித் தேடினால் பதில் நம் சென்னையிலேயே இருந்தது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959இல் வந்த முடிவு: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டு கவனித்ததில் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிடுகிறது.

அதனால் எங்கள் எல்லோருக்கும் பரிசோதனை எடுத்தோம். யாருக்கும் நோய் இல்லை.