மறு: ‘நாக்-ஆன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாட்களாக வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். ரக்பியில் பந்து வீரரின் கையிலிருந்து தவறியோ கையில் பட்டோ முன்னால் போய்விடும் பிழைக்கு ‘நாக்-ஆன்’ என்று பெயர், அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்றுதான் இந்த இழை தொடங்கியது. இருபது மடல்களுக்குள் நடுவர் கிரேக் ஜூபேரைக் கழுவிலேற்றி இறக்கியும் ஆகிவிட்டது. சொல் மட்டும் பிறக்கவில்லை. ஆட்டச் சண்டையைத் தனி இழைக்குக் கொண்டுபோங்கள் என்று நேற்று மட்டுறுத்துநர் ஐயா கேட்டுக்கொண்டார். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கென்னவோ இரண்டும் ஒரே சண்டையாகத்தான் தெரிகிறது.

ரக்பி பார்க்காத நண்பர்களுக்காக, நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபர் 18, லண்டன் ட்விக்கனம் மைதானம், உலகக் கோப்பைக் காலிறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஸ்காட்லாந்தின் மார்க் பென்னட் ஆஸ்திரேலியர்கள் வீசிய பாஸை நடுவில் பறித்துக்கொண்டு ஓடி ட்ரை வைத்தார் (எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை). 34–32 என்று ஸ்காட்லாந்து முன்னால். மழை வேறு. லைன்-அவுட்டில், அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது, தாங்கள் எறியும் பந்தைத் தாங்களே பிடித்துவிட்டால் போதும், கதை முடிந்தது. நீளமாக எறிந்தார்கள். பிடிபடவில்லை. ஸ்காட்லாந்து வீரரின் கையில் பட்ட பந்து முன்னால் போனது, வழியில் ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸைச் சந்தித்தது, முன்னால் நின்ற ஸ்காட்லாந்தின் ஜான் வெல்ஷ் கையில் வந்து விழுந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம்தான். ஜூபேர் ஊதினார்: வெல்ஷ் ஆஃப்சைட் (பந்துக்கு முன்னால், ஆடக் கூடாத இடத்தில் நின்று ஆடிய குற்றம்), ஆஸ்திரேலியாவுக்குப் பெனால்டி (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் வாய்ப்பு). பெர்னார்ட் ஃபோலி உதைத்தார். 35–34. முடிவு விசில் ஊதியதும் ஜூபேர் யாருக்கும் கை கொடுக்காமல் உள்ளே ஓடிவிட்டார். அந்த ஓட்டத்தை ஸ்காட்லாந்து ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

> ‘கைநழுவல்’ என்று வைத்துவிடலாமே. எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

எளிய சொல்தான். ஆனால் குற்றவாளிக்கு முன்கூட்டியே விடுதலை கொடுத்துவிடுகிறது. அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதித் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியர்களின் பாஸுக்குக் குறுக்கே ஸ்காட்லாந்தின் ஷான் மெய்ட்லண்ட் கையை நீட்டினார், பந்து முன்னால் விழுந்தது. வேண்டுமென்றே செய்தது என்று மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. விதிநூலில் அதுவும் நாக்-ஆன்தான், கடைசி நிமிடத்தில் மழையில் நடந்ததும் நாக்-ஆன்தான். மெய்ட்லண்ட் செய்ததைக் ‘கைநழுவல்’ என்றால், சட்டைப்பையில் கைவிட்டவனைப் பார்த்து ‘பணம் இடம் மாறியது’ என்று சொல்வதைப் போல இருக்கும்.

> அப்படியானால் ‘முன்தட்டல்’. நடுவர்களுக்கும் சொல்ல வசதி.

இது எதிர்ப்பக்கத்துப் பிழை. தமிழில் தட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஓர் எண்ணமும் வேண்டும். கதவைத் தட்டினான், தோளைத் தட்டினான், பந்தைத் தட்டிவிட்டான். நனைந்த பந்து சோப்புக்கட்டிபோல வழுக்கி விழுந்ததற்குப் போய் ‘தட்டினான்’ என்றால் வீரர் நம்மோடு மல்லுக்கு வருவார், நியாயமாக.

விதி சொல்வது இதுதான். கையிலிருந்த பந்து தவறி முன்னால் போகலாம். வீரர் அதைக் கையால் அடித்து முன்னால் அனுப்பலாம். அல்லது அவர் சும்மா இருக்கும்போதே பந்து வந்து கையில் மோதி முன்னால் போகலாம். அவரே மீண்டும் பிடிப்பதற்குள் அது தரையையோ வேறொருவரையோ தொட்டுவிட்டால் நாக்-ஆன். ஆங்கில விதிநூல் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சொல்லும் மேலே ஒரு சொல்லுமாக இரண்டைப் போட்டுத் திணறுகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை. விரல் நுனியிலிருந்து தோள்வரை ‘கை’ ஒன்றே போதும். ஆக, தவறுதல், அடித்தல், மோதல் ஆகிய மூன்றையும் தாங்க வேண்டும், எண்ணம் இருந்ததா இல்லையா என்று சொல்லே தீர்ப்பு எழுதக் கூடாது. ஏனென்றால் தண்டனை அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது: தெரியாமல் நடந்தால் எதிரணிக்கு ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள் கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவது), வேண்டுமென்றே செய்தால் பெனால்டி. இரண்டுக்கும் நடுவே மூன்று புள்ளி தூரம். ஸ்காட்லாந்து தோற்றது ஒரு புள்ளியில்.

நான் முன்வைக்கும் வினை: தெறி. அடுப்பில் எண்ணெய் தெறிக்கிறது, சாலையில் சேறு தெறிக்கிறது. அங்கே யார் மேலும் குற்றம் இல்லை. அதே வினையில் வில்லாளி நாணைத் தெறிக்கிறான், அங்கே எண்ணம் முழுக்க முழுக்க இருக்கிறது. ஒரே வேர், இரண்டு பக்கமும் போகிறது. ‘பந்து முன்தெறித்தது’ என்றால் விபத்து. ‘மெய்ட்லண்ட் பந்தை முன்தெறித்தார்’ என்றால் மஞ்சள் அட்டை. விகுதியை மாற்றினால் தீர்ப்பு மாறுகிறது, கலைச்சொல் அசையாமல் நிற்கிறது. பெயர்ச்சொல்: முன்தெறி, அல்லது முன்தெறிப்பு. எனக்குக் குட்டைதான் பிடிக்கும். நடுவருக்கு மூச்சு மிச்சம் வேண்டும்.

> ‘தெறி’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பாராட்டு. நடுவர் ‘முன்தெறி’ என்றால் கைதட்டுவார்கள்.

தட்டட்டும். வழக்குச் சொற்கள் பத்து ஆண்டில் நரைத்துவிடும், சேறு எப்போதும் தெறித்துக்கொண்டுதான் இருக்கும்.

> ‘முன்’ என்பது காலமா இடமா? முன்பணம், முன்பதிவு எல்லாம் காலம் அல்லவா?

நல்ல கேள்வி, எளிதாகக் கடந்துவிட முடியாத கேள்வி. முன்பல், முன்வாசல், முன்னங்கால் எல்லாம் இடம். அந்த வகையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். ஆனால் இடம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வில்லங்கம் மிஞ்சுகிறது. யாருக்கு முன்? ஒருவர் தன் அணியின் கோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார், பந்தை முகத்துக்கு நேரே நழுவவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது முன்னால். ஆட்டத்துக்கு அது பின்னால். விதி கேட்பது எதிரணியின் கோட்டை நோக்கிப் போனதா என்பதைத்தான். ஆகவே விளக்கத்தில் ‘எதிரணி எல்லை நோக்கி’ என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும், சொல்லின் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ‘எதிர்த்தெறி’ என்று ஒருவர் திருத்தம் அனுப்பியிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது என்று பொருள் தட்டுகிறது, வேண்டாம்.

> முன் + தெறி = முன்றெறி. இலக்கணத்தைக் கொல்லாதீர்கள்.

நம் தமிழாசிரியர் ஐயாவிடமிருந்து இது வரும் என்று எதிர்பார்த்தேன். விதி சரிதான் ஐயா. முன் + தானை முன்றானை ஆனது. ஆனால் அந்த முன்றானையை மக்கள் முந்தானை ஆக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள், இலக்கணம் பின்னாலேயே நடந்து வந்தது. ‘முன்தினம்’ என்று நாளிதழ் எழுதுகிறது, யாரும் ‘முன்றினம்’ என்று திருத்தி ஆசிரியருக்குக் கடிதம் போடுவதில்லை. ‘முன்றெறி’ என்று அச்சிட்டால் படிப்பவர் ‘றெறி’ என்றால் என்ன என்று அகராதி தேடுவார். பிரித்தே எழுதுவோம். ‘முந்தெறி’ என்று பேச்சில் உருண்டுவிட்டால் அது சொல்லுக்குக் கிடைத்த வெற்றி.

இனி அந்த ஒரு புள்ளிக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் மடலில் இப்படி இருந்தது:

> ஸ்காட்லாந்தை ஏமாற்றிவிட்டார்கள். என் அலுவலகத்தில் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது.

குரல் மாறுவது எனக்குப் புரிகிறது. மறுநாளே உலக ரக்பி அமைப்பு, முடிவு தவறு என்று அறிக்கை விட்டது. அதன் தருக்கத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள், முழுக்க நம் தெருவில் நடக்கும் விவகாரம் அது. அப்போதைய விதி 11.7-இன்படி, தன் அணியினர் முன்தெறித்த பந்தை முன்னால் நிற்கும் வீரர் எடுத்து விளையாடினால் ஆஃப்சைட், பெனால்டி. ஜூபேர் பிடித்தது இதை. ஆனால் 11.3-இன்படி, நடுவில் எதிரணி வீரர் ஒருவர் வேண்டுமென்றே பந்தைத் தொட்டுவிட்டால் அந்த ஆஃப்சைட் கழுவப்பட்டுவிடும். எல்லாக் கோணங்களிலும் பார்த்தபின் அவர்கள் சொன்னது: பந்து ஃபிப்ஸிடம் போய்வந்தது, எனவே வெல்ஷ் மேல் குற்றமில்லை, முதலில் நடந்த நாக்-ஆனுக்காக ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம் மட்டும் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது தமிழில் கேட்கிறேன். பந்து ஃபிப்ஸ் மேல் பட்டதா, ஃபிப்ஸ் பந்தைத் தொட்டாரா? அந்த அரை நொடி முழுவதும் ‘பட்டது’ – ‘தொட்டார்’ என்ற இரண்டு வினைகளுக்கு நடுவில் இருக்கிறது. பட்டது என்றால் ஜூபேர் சரி. தொட்டார் என்றால் ஜூபேர் தவறு. ஆங்கில விதி ‘வேண்டுமென்றே’ என்று ஓர் அடைமொழியை ஒட்டிச் சொல்வதை நம் மொழி வினையிலேயே வைத்திருக்கிறது. கூட்ட நெரிசலில் தோள் பட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தொட்டால் சண்டை. விதிநூலைத் தமிழாக்கும் நண்பர்கள் இந்த இணையைக் கைவிட்டுவிடாதீர்கள். எங்கெல்லாம் தற்செயலோ அங்கெல்லாம் ‘படு’, எங்கெல்லாம் எண்ணமோ அங்கெல்லாம் ‘தொடு’.

அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பதையும் பாருங்கள். ஏமாற்றுவதற்கும் எண்ணம் வேண்டும். ஜூபேர் தவறினார், ஏமாற்றவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு முறை, ஒரே வேகத்தில் பார்த்தார். மறுபடி பார்க்கும் வசதியும் அவருக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் காணொளி நடுவரிடம் கேட்க நெறிமுறை இடம் தரவில்லை, உலக ரக்பி அமைப்பே அதை ஒப்புக்கொண்டது. ஸ்க்ரம் கொடுத்திருந்தால் ஸ்காட்லாந்து வென்றிருக்குமா? பந்து ஆஸ்திரேலியாவிடம், கம்பம் எட்டும் தூரத்தில். ஸ்க்ரத்திலேயே ஒரு பெனால்டி வாங்கியிருக்கலாம், ஆட்டத்தின் போக்கிலேயே பந்தைத் தரையில் விட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோல் ஒன்று அடித்திருக்கலாம், பந்தைத் தவறவிட்டும் இருக்கலாம். யாருக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஸ்காட்லாந்து நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது: ஆஸ்திரேலியா வைத்தது ஐந்து ட்ரை, ஸ்காட்லாந்து மூன்று. அந்த ஐந்தில் மூன்றுக்கு, ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையை ஃபோலி தவறவிட்டார். அவர் கால் ஒழுங்காக இருந்திருந்தால் கடைசி நிமிடச் சண்டையே இருந்திருக்காது. இவ்வளவும் சொன்ன பிறகும், அந்தப் பெனால்டி தவறுதான். தென் அரைக்கோள அணிகள் நான்கு மட்டுமே அரையிறுதிக்குப் போன அந்தக் கோப்பையில் வடக்கின் கடைசி விளக்கு அப்படி அணைந்தது என்றால் வலிக்கத்தான் செய்யும்.

ஒரு சொல்லை ஒரே ஆட்டத்தில் சோதித்தால் போதாது என்பதால் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். 2023 இறுதிப் போட்டி, பாரிஸ் புறநகர், நியூசிலாந்து 11, தென்னாப்பிரிக்கா 12. அதுவும் ஒரு புள்ளி. எழுதிப் பார்த்தேன்:

‘ஏரன் ஸ்மித் வைத்த ட்ரை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது, அதற்கு முன் நடந்த லைன்-அவுட்டில் பந்து ஆர்டி சவேயாவின் கையில் பட்டு முன்தெறித்திருந்தது.’

‘செஸ்லின் கோல்பே பந்தை வேண்டுமென்றே முன்தெறித்ததற்காக மஞ்சள் அட்டை பெற்றார், கிடைத்த பெனால்டியை ஜோர்டி பாரட் தவறவிட்டார்.’

இரண்டு வாக்கியமும் நிற்கின்றன. இதே இடங்களில் ‘கைநழுவல்’, ‘முன்தட்டல்’ இரண்டையும் வைத்துப் பாருங்கள், ஒன்று முதல் வாக்கியத்தில் இடறும், மற்றது இரண்டாவதில். காணொளி நடுவர் அவ்வளவு பின்னால் போய் ஒரு முன்தெறியைத் தோண்டி எடுக்கலாமா என்று நியூசிலாந்துக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பது வேறு வழக்கு. ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் காணொளி நடுவர் வராதது குறை, இவர்களுக்கு வந்தது குறை.

‘ஆஃப்சைட்’டையும் தமிழாக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கால்பந்து வழியாக வந்து உட்கார்ந்துவிட்ட சொல். ‘அயற்புறம்’ என்று எழுதினால் எனக்கே பாதி நாள் புரியாது. விட்டுவிடுவோம்.

குழுமச் சொற்பட்டியலுக்கு என் வரைவு:

முன்தெறி – (பெயர்) ரக்பியில், வீரரின் கையிலிருந்து தவறியோ, கையால் அடிபட்டோ, கையில் பட்டோ பந்து எதிரணி எல்லை நோக்கிச் சென்று, அவரே மீண்டும் பிடிக்குமுன் தரையிலோ மற்றொருவர் மேலோ படுதல். (வினை) பந்து முன்தெறித்தது. வீரர் பந்தை முன்தெறித்தார்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மறுப்பவர்கள் மேலே உள்ள இரண்டு 2023 வாக்கியங்களையும் தங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்ப வேண்டும். வெறும் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ செல்லாது. ‘ஸ்க்ரம்’ என்பதற்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள், அதை இதில் கொண்டுவந்து இடிக்காதீர்கள்.

அன்புடன்