மாடிப்படிக் கைப்பிடிக்கு நல்ல வெல்டிங் பட்டறை சொல்லுங்க, கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம்

வணக்கம்ங்க. வீட்டு உள்படிக்கு எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் கம்பியில கைப்பிடி செய்யக் குடுத்தோம். பட்டறைக்காரர் ஒரே ஒரு படியை அளந்துட்டு மிச்சத்தைக் கணக்குப் போட்டுட்டாருங்க. இப்ப படி திரும்பற லேண்டிங்குல (நடு மேடையில) கீழிருந்து வர்ற கைப்பிடியும் மேலிருந்து வர்ற கைப்பிடியும் சேராம 2 அங்குலம் ஏறி இறங்கி நிக்குது. துண்டு வெச்சு ஒட்டித் தரேங்கறார், மனசு ஒப்பல.

அம்மச்சிக்கு 80 வயசுங்க. கையை எடுக்காம தடவிட்டேதான் இறங்குவாங்க. அந்தத் திருப்பத்துல பிசிறு இருந்தா தோல் கிழிஞ்சிரும். சின்னப் பையனும் இருக்கான், கம்பிக்கு நடுவுல 4 அங்குலத்துக்கு மேல சந்து விடக்கூடாது.

வீட்டுக்கே வந்து படிபடியா அளந்து, முதல்ல டேக் வெல்டு (அங்கங்க புள்ளியா மட்டும் ஒட்டறது) வெச்சுப் பொருத்திப் பார்த்து, அப்புறம் முழுசா வெல்டு பண்ற ஆள் கோபி, சத்தி (சத்தியமங்கலம்), பெருந்துறை பக்கம் தெரியுமுங்களா? சாணை பிடிச்சு ரெட் ஆக்சைடும் (துருப் பிடிக்காம இருக்க அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சுத் தரணும். கிரானைட்டு மேல தீப்பொறி விழாம ஈரச்சாக்கு விரிக்கிறவரா இருந்தா ரொம்பச் சந்தோசமுங்க.