வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது: நெல்லையிலிருந்து பிரிட்டன் கிளம்புகிறவர்களுக்கு

லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கிறேன். வந்த ஒரு வாரத்துக்குள் செப்டம்பரில் படிக்கப் போகிற மூன்று பையன்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, அங்க எதை வாங்கினாலும் ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுத்துரலாமாமே, அது சட்டமாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். நான் சொல்வது பிரிட்டன் கதை மட்டும். ஆஸ்திரேலியா, கனடா போகிறவர்கள் இதை வைத்துக்கொண்டு அங்கே கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

முதலில் அந்த "சட்டமாமே". கடைக்கு நேரில் போய், பார்த்து, தொட்டு, போட்டுப் பார்த்து வாங்கிய பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே எந்தச் சட்டமும் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய கடைகள் எடுத்துக்கொள்கின்றன, உண்மை. ஆனால் அது அவர்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. நம் டவுண் வடக்கு ரத வீதியில் சேலை எடுக்கும்போது அம்மா கேட்பார்கள் இல்லையா, "கலர் பிடிக்கலைன்னா மாத்திக்கிடலாமா அண்ணாச்சி?" அவரும், "மூணு நாளுக்குள்ள கொண்டாங்க, மடிப்பு கலையக் கூடாது, துட்டு கிடையாது, வேற எடுத்துக்கிடுங்க" என்பார். அதே பேச்சுதான். அங்கே அதைப் பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அச்சடித்த வார்த்தையிலிருந்து கடை பின்வாங்க முடியாது, நீங்களும் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. எத்தனை நாள், காசா அல்லது வேறு பொருளா, லேபிள் இருக்க வேண்டுமா என்பதை எல்லாம் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கவில்லை. போன வருடம், அங்கே என் முதல் அக்டோபரில், குளிரைப் பார்த்துப் பயந்து, தோள் சரியாக இருக்கிறதே என்று ஒரு கோட்டு எடுத்தேன், கை நீளம் விரல் நுனி வரை வந்தது. பரீட்சை, பார்ட் டைம் வேலை என்று தள்ளிப்போட்டு முப்பத்தைந்தாவது நாள் எடுத்துக்கொண்டு போனேன். பில்லில் 28 நாள் என்று போட்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகச் சிரித்து, மரியாதையாகவே முடியாது என்றது. அந்தக் கோட்டை இன்னும் கையை மடித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

பொருளில் குறை என்றால் கதையே வேறு. அங்கே கடைக்காரரின் நல்ல மனசுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. வாங்கிய பொருள் தரமில்லாமல் இருந்தாலோ, சொன்ன வேலையைச் செய்யாவிட்டாலோ, சொன்ன மாதிரி இல்லாவிட்டாலோ, முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 30 நாள் தாண்டிவிட்டால் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். அதுவும் சரிப்படவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இல்லை பொருளை வைத்துக்கொண்டு விலையில் கழிக்கச் சொல்லலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. ஆறு மாதத்துக்குப் பிறகு நிரூபிக்கிற சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். தள்ளுபடியில் வாங்கினாலும் இதே உரிமைதான், குறையைக் காட்டிச் சொல்லியே விற்றிருந்தால் மட்டும் அந்தக் குறைக்காகக் கேட்க முடியாது.

ஒரு சூட்சுமத்தை மட்டும் மறக்காதீர்கள். என் ஷூவின் அடி மூன்று வாரத்தில் வாயைப் பிளந்துவிட்டது. கடையில் கொண்டு காட்டினால், "கம்பெனிக்கு எழுதுங்க, எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். கேட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத் தங்கியிருந்த தென்காசிக்காரர்தான், "காசு யார்ட்ட வே குடுத்தீரு?" என்று கேட்டார். அதுதான் சட்டமும். நீங்கள் ஒப்பந்தம் போட்டது விற்ற கடையோடு, தயாரித்த கம்பெனியோடு இல்லை. கம்பெனி வாரண்டி கூடுதல், அதைக் காட்டிக் கடை நழுவ முடியாது. மறுநாள் போய்ச் சட்டத்தின் பேரைச் சொல்லி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன், பத்து நிமிடத்தில் பணம் கார்டுக்குத் திரும்பியது. கத்தவில்லை. அங்கே கத்தினால் வேலை கெட்டுப்போகும்.

பில் தொலைந்துவிட்டதா? குறையுள்ள பொருளுக்கு பில்தான் வேண்டும் என்று இல்லை, வாங்கியதற்கு ஏதாவது ஆதாரம் போதும், பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் பில்லை அப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

ஆன்லைனில் வாங்கினால் நேர்மாறு, அங்கே "பிடிக்கவில்லை" என்பதே போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 2013இல் வந்த விதிகள்படி, பொருள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், சொன்னபின் அனுப்பி வைக்க இன்னொரு 14 நாள். சாதாரண டெலிவரிக்குக் கொடுத்த காசும் திரும்ப வரும். திருப்பி அனுப்புகிற தபால் செலவு பெரும்பாலும் நம் தலையில், குறையுள்ள பொருள் என்றால் விற்றவர் தலையில். உங்கள் அளவுக்கென்றே தைத்தது, கெட்டுப்போகிற சாப்பாட்டுச் சாமான், சுகாதாரத்துக்காகச் சீல் வைத்து வந்து நீங்கள் பிரித்துவிட்ட பொருள், இதற்கெல்லாம் கிடையாது. கடையில் எவ்வளவு தொட்டுப் பார்ப்போமோ அவ்வளவுதான் தொடலாம், அதற்கு மேல் பயன்படுத்தினால் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பட்டமளிப்புக்கு ஒருநாள் சூட்டைப் போட்டுப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிற வித்தையை நம் ஆட்களே சொல்லித் தருவார்கள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த வங்கியும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. கடை மூடிப்போனாலும் வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இது இல்லை, சார்ஜ்பேக் என்று, கொடுத்த காசை வங்கி மூலமாகத் திரும்பக் கேட்கிற ஏற்பாடு ஒன்று உண்டு, அது கார்டு கம்பெனிகளின் விதி, சட்டம் கிடையாது. எதுவும் நடக்காவிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு இலவசமாக வழி சொல்லும்.

சரி, ஊர் கதைக்கு வருகிறேன். போன மாதம் அம்மா இங்கே வாங்கிய மிக்ஸி, தேங்காய்ச் சில்லைப் போட்டால் நின்றுவிடுகிறது. பில்லில் கொட்டை எழுத்தில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது". நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் வருகிற குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று இருக்கிறது. இருபத்தாறாவது நாள் கொண்டுபோய்ச் சொன்னேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி வெளிநாடோ?" என்றார். மிக்ஸியை மாற்றிக் கொடுத்தார். ஜாரை மட்டும் பழசையே திருப்பிக் கொடுத்துவிட்டார், அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம்.