பழைய சுதேசமித்திரன் கட்டு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உறவினர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டு சுதேசமித்திரன் வந்து சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் 1940களின் நாளிதழ்கள், போர்ச் செய்திகளும் விளம்பரங்களுமாக. படிக்க ஆசைதான், ஆனால் மடிப்பைப் பிரித்தாலே பொடிகிறது. மரக்கூழ்க் காகிதத்தின் அமிலம்தான் காரணம் என்பது தெரியும், அதனால் தயவுசெய்து செலோ டேப், லேமினேஷன் யோசனை மட்டும் வேண்டாம். முன்பு யாரோ ஒட்டிய டேப்பே எழுத்தின் மேல் பழுப்பேறிக் கிடக்கிறது.

மதுரைப் பக்கம் இதைச் சரியாக ஸ்கேன் செய்பவர்கள் யாராவது உண்டா? இல்லையென்றால் மேலிருந்து மொபைலில் படம் எடுத்தால் போதுமா, வெளிச்சம் எப்படி வைப்பது?

அப்புறம் இன்னொன்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழாக்கிய பத்திரிகை இது, 1904இல் பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்ததும் இங்கேதான். எனக்கு முக்கியமாக வேண்டியது அந்த 1904 முதல் 1906 வரையிலான இதழ்கள். பாரதி கட்டுரைகள் தொகுப்பாக வந்துவிட்டன, சரி, ஆனால் அதே பக்கத்தில் வேறென்ன செய்தி, என்ன விளம்பரம் இருந்தது என்று பார்க்க முழுப் பக்கம்தானே வேண்டும்? சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலோ கன்னிமாராவிலோ மைக்ரோஃபிலிம் பார்த்தவர்கள் இருந்தால், அனுமதி வாங்கும் முறையையும் நகல் கட்டணத்தையும் சொல்லுங்கள்.