அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா ஊருக்கு ஜோடியாகப் போய் வந்தவர்கள், இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

வத்தக்குழம்பு:

கல்யாண நாளுக்குப் பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் சவானா போய் வந்தோம். சதுக்கங்கள், ஓக் மரம், அதில் தொங்குகிற பாசி, ஃபோர்சைத் பார்க் நீரூற்று எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். தங்கின இடம்தான் விஷயம்.

தெருவைப் பார்த்து ஒரு பெரிய பழைய வீடு. பின்னால் முற்றம், முற்றத்தின் கடைசியில் மாடி வைத்த சின்னச் செங்கல் வீடு. விளம்பரத்தில் 'கேரியேஜ் ஹவுஸ்' என்று போட்டிருந்தார்கள். குதிரை வண்டி நிறுத்திய இடமாம். பித்தளைக் கட்டில், வெள்ளை மெத்தை, மேஜையில் ஒரு பாட்டில் வைன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்தான படியில் ஏறிப் போய், "ராஜ வாழ்க்கைடி" என்றார்.

மறுநாள் ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் போனோம். 1819-இல் கட்டி முடித்த மாளிகை, இப்போது மியூசியம். எங்களை முதலில் பின்கட்டுக்குத்தான் கூட்டிப் போனார்கள். அந்தக் கட்டடத்தில் பாதி குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும். மீதிப் பாதியில் அடிமைகளை வைத்திருந்திருக்கிறார்கள். மேலே கூரையில் பழைய நீலச் சாயம் திட்டுத் திட்டாக இன்னும் இருக்கிறது. அவுரி, சுண்ணாம்பு, மோர் (ஆமாம், மோர்தான்) கலந்து பூசியது. கெட்ட ஆவி அண்டாது என்று நம்பிக்கை. எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்க்கிறோம். இவர் மட்டும் படியைப் பார்க்கிறார், அப்புறம் ஜன்னலைப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார். "நம்ம ரூம் மாதிரியே இருக்குல்ல?"

வழிகாட்டிப் பெண்ணிடம் எங்கள் தெருவைச் சொல்லிக் கேட்டேன். "அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் உள்நாட்டுப் போருக்கு முன்னால் கட்டின பெரிய வீடு என்றால் பின்னால் இருந்தது பெரும்பாலும் இதுதான்" என்றார். அவ்வளவுதான், அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ராத்திரி இவர் தூங்கிவிட்டார். எனக்கு அந்த ஜன்னலே கண்ணில் நின்றது. பெரிய வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் கட்டில் வரைக்கும் தெரியும். நான் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினேன். அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு மூடிக்கொள்ளத் திரை இருந்திருக்குமா?

வேறு இடம் கிடைக்கவில்லை, பணமும் கட்டியாகிவிட்டது. நீங்களாக இருந்தால் அங்கேயே தங்கியிருப்பீர்களா?

கட்டெறும்பு:

அக்கா, அந்தக் கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் கால் வைக்கவே முடியாது. ரிவர் ஸ்ட்ரீட்டில் பாவியிருக்கிற கல்லே கப்பல்கள் ஆடாமலிருக்கப் பாரத்துக்காகக் கொண்டுவந்து கொட்டினதுதான். வந்த கப்பல்கள் பருத்தி ஏற்றிக்கொண்டு திரும்பின. பருத்தியை யார் பறித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே தெருவில் உட்கார்ந்து நாம் இறால் சாப்பிடுகிறோம். இன்னொன்று, ஓகில்தார்ப் 1733-இல் ஊரை உண்டாக்கினார், 1735-இல் ஜார்ஜியாவில் அடிமை முறைக்கே சட்டத் தடை வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

என் கதை வேறு. சாயங்காலம் அந்த ரிவர் ஸ்ட்ரீட்டில்தான், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வீட்டம்மா பிரலீன் மிட்டாய் வாங்கி வந்தாள். திடீரென்று எதிர்க்கரை மறைந்துவிட்டது. கண்டெய்னர் கப்பல். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்து நடந்து போகிற மாதிரி, சத்தமே இல்லாமல் போகிறது. ஆறு அங்கே அவ்வளவு அகலமில்லை, துறைமுகம் ஊரைத் தாண்டி மேலே இருக்கிறது, அதனால் எல்லாக் கப்பலும் ஊர்க்காரர்கள் மூக்குக்கு முன்னால்தான் போயாக வேண்டும். மேலே கம்பியில் சாய்ந்து ஒருத்தர், ஆரஞ்சு உடுப்பு, கையில் போன். இவள் கை ஆட்டினாள். அவரும் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டு கை ஆட்டினார்.

என் சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர். "அமெரிக்காவில் ஒரு ஊருக்குள்ளேயே கப்பல் போகும்டா, கரையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன தின்கிறான் என்றுகூடத் தெரியும். ஆனால் எங்களை இறங்க விடவில்லை" என்பார். ஊர் பேர் சொன்னாரா, நான்தான் கேட்டுக்கொள்ளவில்லையா, ஞாபகமில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. நியூ ஆர்லியன்ஸாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஆரஞ்சு உடுப்புக்காரரைப் பார்த்ததிலிருந்து எனக்கு அது சவானாதான்.

பஞ்சாமிர்தம்:

என் வீட்டுக்காரர் தரையில் கிடந்த பாசியை எடுத்துத் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார். ராத்திரி முழுக்கக் கழுத்தைச் சொறிந்தார். முடிந்தது என் கதை.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அது பாசியே இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. கீழே விழுந்து கிடப்பதில்தான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏறியிருக்கும், தொடாதீர்கள். அட்லாண்டாவிலிருந்து 250 மைல், நாலு மணி நேரம். மேக்கனில் ஐ-16 நெடுஞ்சாலையில் ஏறினால் நேர்கோடு, இரண்டு பக்கமும் பைன் மரம், தூக்கம் சொக்கும். டிரைவர் பக்கத்தில் பேசத் தெரிந்தவர் உட்காருங்கள். மார்ச் 17 ஒட்டிப் போகாதீர்கள், செயின்ட் பேட்ரிக் ஊர்வலத்துக்கு ஊரே நிரம்பி வழியும், அறை வாடகை கண்ணைப் பிடுங்கும். வசந்த காலத்தில் மணல் கொசு உண்டு, லேசில் கண்ணுக்குத் தெரியாது, கடித்த பிறகு தெரியும். காரை ஓரிடத்தில் போட்டுவிட்டு 'டாட்' பஸ்ஸில் சுற்றுங்கள், காசு கிடையாது. மிஸஸ் வில்க்ஸ் சாப்பாட்டுக்கு வரிசை பெரிது. மத்தியானம் மட்டும்தான், சனி ஞாயிறு கிடையாது, ரொக்கமாக எடுத்துப் போங்கள். தெரியாத ஆட்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் கைமாற்றிச் சாப்பிட வேண்டும், பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அது கூச்சமில்லை. சைவக்காரர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள், அந்தப் பக்கத்தில் கீரை, பீன்ஸ் எல்லாம் பன்றிக்கறி போட்டு வேகவைப்பது வழக்கம். லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் 1919-இல் ஆரம்பித்த கடை, இரவு வரிசையைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள், நிற்கலாம், தப்பில்லை. வார்ம்ஸ்லோ என்கிற பழைய பண்ணையில் ஒன்றரை மைலுக்கு இரண்டு பக்கமும் ஓக் மரம் கைகோத்து நிற்கும், போட்டோ எடுக்கக் காலையில் திறந்ததும் போங்கள். டைபீ தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு 178 படி, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நில்லுங்கள்.

வத்தக்குழம்பு மேடம், தங்கின இடம் எந்தச் சதுக்கத்துக்குப் பக்கம்?

அரைக்காப்படி:

கட்டெறும்பு, தடை இருந்தது சரி. அதை 1751-இல் எடுத்துவிட்டார்களே, அந்தப் பாதியை ஏன் விட்டீர்கள்? அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. 1859 மார்ச்சில் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் பியர்ஸ் பட்லர் என்பவர் தன் கடனை அடைக்க நானூறு பேருக்கு மேல் இரண்டு நாளில் ஏலம் விட்டார். இரண்டு நாளும் மழை. 'அழுகைக் காலம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். "அந்தக் கணக்குப் பார்த்தால் நடக்கவே முடியாது" என்றால் நடக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா கேட்டது தங்குவதைப் பற்றி.

நாங்கள் ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போனோம். அந்தக் கட்டடம் முடிந்ததும் அதே 1859-இல்தான். அடிமைகளாக இருந்தவர்கள் பகல் வேலை முடிந்து ராத்திரியில் வந்து கட்டியது. கீழ்த்தளத்தில் மரத் தரையில் சின்னச் சின்னத் துளைகள், சாய்சதுரக் கோலத்தில் போட்டிருக்கிறார்கள். கோலம் கொங்கோ பக்கத்துச் சின்னம், காற்றுக்காகப் போட்ட துளை, தரைக்கு அடியில் தப்பி வந்தவர்கள் ஒளிந்திருந்தார்கள் என்று விளக்கினார் வழிகாட்டி. யார் யார், எத்தனை பேர் என்று எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வார்களே என்றார்.

கூட வந்த குடும்பத்தில் நாலைந்து வயசுப் பையன் ஒருத்தன். அவன் குப்புறப் படுத்து, துளையில் வாயை வைத்து, "ஹலோ? யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். அவன் அம்மா பதறிப்போய்த் தூக்க வந்தாள். வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினார், "கேட்கட்டும், விடுங்கள்" என்றார். பையன் திரும்பக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாங்கள் எல்லோரும் அவன் எழுந்திருக்கும்வரை நின்றோம். என் மனைவி அதற்குப் பிறகு ஹோட்டலுக்கு வரும்வரை பேசவில்லை. பிள்ளை இல்லாத ஆற்றாமையா, அந்த இடமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டெறும்பு:

சரி, 1751-ஐ ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு ஹோட்டலில் தங்கினால் மட்டும் என்ன சுத்தம்? நீங்கள் தங்கின ஹோட்டல் மனையில் 1859-இல் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

சில்லுக்கருப்பட்டி:

ஆவி டூர் போனவர்கள் யாரும் இல்லையா இங்கே? நாங்கள் ராத்திரி டிராலியில் போனோம். வழிகாட்டி தொப்பி, மேலங்கி எல்லாம் போட்டு நடிப்பில் பின்னி எடுத்தார். வண்டியில் பாதிப்பேர் கையில் பிளாஸ்டிக் கப்பில் பீர். ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, அடிமைப் பெண் ஒருத்தி மாடியில் தூக்கில் தொங்கினாள், இன்னும் அந்த ஜன்னலில் நிற்கிறாள் என்றார். எல்லோரும் "ஊ" என்று கத்தி போனைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். என் மனைவி வழிகாட்டியைப் பார்த்து, "அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது என்ன வேலை செய்தாள்?" என்று கேட்டாள். அவருக்கு வசனம் நின்றுபோய்விட்டது. "சமையலறையில்... என்று நினைக்கிறேன்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வீட்டுக் கதையில் அவருடைய குரல் ஒரு படி இறங்கியிருந்தது. டிப்ஸ் கொடுக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அரைக்காப்படி, டெய்லர் ஸ்கொயர் போனீர்களா? கால்ஹூன் என்று அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கின அரசியல்வாதி பேரில் இருந்த சதுக்கம். 2023-இல் சூசி கிங் டெய்லர் பேர் வைத்திருக்கிறார்கள். அடிமையாகப் பிறந்து, இதே ஊரில் ஒளிந்து ஒளிந்து படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். நாங்கள் பகலில் அங்கே உட்கார்ந்திருந்தோம். டிராலி வந்தது, நிற்காமல் போய்விட்டது. டெய்லரிடம் ஆவி கதை இல்லை போலிருக்கிறது.

வத்தக்குழம்பு:

எல்லோருக்கும் நன்றி. கட்டெறும்பு தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், ஹோட்டல் மனையை நானும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் ஹோட்டலில் அந்தப் படியும் ஜன்னலும் அப்படியே இருக்காது. இங்கே இருந்தது, அதைக் காட்டித்தான் காசும் வாங்கினார்கள். 'பழைய அழகு மாறாமல்' என்று.

ஊருக்கு வந்து விமரிசனம் எழுதினேன். இடம் சுத்தம், படுக்கை அருமை, ஆனால் இங்கே முன்பு யார் இருந்தார்கள் என்பதை விளம்பரத்தில் ஒரு வரி போடுங்கள் என்று. வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. தங்கியதற்கு நன்றி, உங்கள் கருத்தைப் பெரிதும் மதிக்கிறோம், புதிதாகக் காபி மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம், அடுத்த கல்யாண நாளுக்கும் வாருங்கள் என்று எழுதியிருந்தார். விளம்பரம் அப்படியேதான் இருக்கிறது.

பஞ்சாமிர்தம்:

அங்கே கார் நிறுத்த இடம் இருந்ததா மேடம்? டிசம்பரில் போகலாம் என்று இருக்கிறோம். அந்த வீடுதான் என்று இல்லை, சும்மா கேட்டேன்.